ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள்

கோயம்புத்தூர் மென்பொருளாளர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும், பேசுகிறவர் அதை முதலில் தன் மேல் போட்டுக் காட்டிவிட வேண்டும். வரிகளைச் சீராக்கும் கருவியைப் பற்றிப் பேசிய நாச்சிமுத்துவுக்கு அன்றிலிருந்து பத்து விரலும் ஒரே நீளம். கோப்புகளைச் சுருக்கும் கருவியைப் பற்றிப் பேசியவரை அவர் மனைவி கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். யாரும் குறை சொன்னதில்லை. டீயும் போண்டாவும் நன்றாகவே இருக்கும்.

போன கூட்டத்தில் பேசியவன் பூபதி. பேசியது ‘சல்லடை’ பற்றி. ஒரு நிரலில் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும் வரிகளைப் பொறுக்கி எடுக்கும் கருவி அது. அவனும் அவன் நண்பன் அமலதாஸும் ஏழு வருஷம் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். யார், என்றைக்கு, எதற்காக. அப்படி மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். முக்கால்வாசி அமலதாஸ் எழுதியவை.

மேடையேறும் முன் பூபதி அந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தான். ‘பசிக்குது, மீதி நாளைக்கு’ என்று ஒன்று. ‘நேத்து செஞ்சது தப்பு’ என்று பதினெட்டு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதையா காட்டுவது? எல்லாவற்றையும் அமுக்கி ஒரே குறிப்பாக்கினான். ‘முதல் பதிப்பு. பூபதி.’ இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவனை இன்றுவரை அரிக்கிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் பழியை அதன் தலையிலாவது போடலாம்.

பட்டியலை அமுக்கியதையே, கருவியைத் தன் மேல் போட்டுக் காட்டியதாகக் குழு எடுத்துக்கொண்டது. ஆனால் அமுங்கியது பூபதி அல்ல.

அன்று மாலையே அமலதாஸ் கொஞ்சம் மெலிந்தான். அடுத்த வாரம் லிஃப்ட் அவன் ஏறியதைக் கவனிக்காமல் மேலே போயிற்று. அதற்கடுத்த வாரம் அவன் வீட்டுப் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு திருகாணிகள் மட்டும் இருந்தன. அமலதாஸ் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அவன் எதையும் பெரிதுபடுத்துகிறவன் அல்ல. பூபதிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று அடுத்த கூட்டம். இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அரங்க வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் ஷர்மிளா பானு, குழுவின் ஒருங்கிணைப்பாளர்.

“வாங்க பூபதி. இவரு யாருங்க?”

“அமலதாஸுங்க. ஏழு வருஷமா வர்றானே.”

“இருக்கறதுக்கான படிவத்த நிரப்பிக் குடுங்க.”

படிவத்தில் ஒரே கேள்விதான். உங்கள் பெயரில் உள்ள ஏதாவது ஒரு வரியைக் காட்டுக. அமலதாஸ் சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான்.

“இல்லீங்களே,” என்றான்.

“அப்ப வராண்டாவுல உக்காருங்க. இல்லாதவங்களுக்கு அங்க ஃபேன் போட்டிருக்கோம்.”

“விடுடா,” என்று பூபதியின் தோளைத் தட்டிவிட்டு அமலதாஸ் வராண்டாவுக்குப் போனான். தட்டியதே பூபதியின் தோளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் பதறிப்போனான்.

“அமுக்குனதத் திரும்பப் பிரிக்க முடியாதுங்களா?”

“முடியுங்களே. பழைய குறிப்பெல்லாம் முப்பது நாள் பரண்ல கெடக்கும். அப்புறம் கூட்டித் தள்ளிருவோம். உங்களுக்கு இன்னிக்கு முப்பதாவது நாள். ஒரு மணி வரைக்கும் டைம் இருக்குது.”

“நான் என்ன பண்ணோணும்?”

“அவரு எழுதுன குறிப்பு ஒண்ணே ஒண்ணு. எழுத்து மாறாம மைக்குல சொல்லோணும். யாரு எழுதுனதுன்னும் சொல்லோணும். ஒண்ணப் புடிச்சு இழுத்தா மிச்சமெல்லாம் வந்துரும். அவரும் வந்துருவாரு.”

“‘பசிக்குது, மீதி நாளைக்கு.’”

“அது அழிக்கறதுக்காகப் படிச்சது. செல்லாதுங்க.”

பூபதி யோசித்தான். வேறு ஒன்றும் வரவில்லை. ஏழு வருஷமாகக் கூடவே இருந்தவன் ஆயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறான். கருவி ஓடுகிறதா என்று பார்த்தானே தவிர, அந்த ஏழு வருஷத்தில் ஒன்றைக்கூடப் பூபதி படித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

எழுதியவனையே கேட்டுவிடலாம் என்று வராண்டாவுக்கு ஓடினான். அதற்குள் வராண்டா காந்திபுரம் வரை நீண்டுவிட்டது. வரிசையாக ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள். அரங்கத்தில் ஒருவர் தேடும் கருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, என்ன பேச வந்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

பூபதி முதல் கதவைத் திறந்தான். உள்ளே அமலதாஸ் இருந்தான். தலையில் முடி நிறைய இருந்தது. மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா எழுதற?”

“கதவச் சாத்து. ஏசி போகுது.”

அடுத்த கதவில் அமலதாஸ் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். அதற்கடுத்ததில் போனில் மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். சில கதவுகளுக்குப் பின்னால் பூபதியே உட்கார்ந்திருந்தான். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற ஆள் இல்லை என்பது இவனுக்குத் தெரியும்.

மணி பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு கதவைத் திறந்தபோது உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. அமலதாஸ் அப்போதுதான் எழுதி முடித்திருந்தான். திரையை இவன் பக்கம் திருப்பினான்.

“படி.”

பூபதி படித்தான். ‘இந்த எடத்த யாரும் மாத்த வேண்டாம். சுத்தி வளைச்ச மாதிரி தெரியும், ஆனா சரி. பூபதி இதுக்காக ரெண்டு நாள் தூங்கல.’

தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தையது. பூபதி அவன் பக்கம் திரும்பினான்.

“மன்னிச்சுருடா.”

“எதுக்கு?” என்றான் ஐந்து வருஷத்துக்கு முந்தைய அமலதாஸ். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை.

பூபதி திரும்பி ஓடினான். ஒரு எழுத்துக்கூட விழுந்துவிடக் கூடாதென்று அந்த வரியையே மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு ஓடினான். அதைப் பிடித்த பிடியில் வேறு என்ன நழுவியது என்று பார்க்கவில்லை. ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்தான்.

ஷர்மிளா பானு ஒரு காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“எழுத்து மாறலீங்க. யாரு எழுதுனது?”

பூபதி வாயைத் திறந்தான். எழுதியவனுக்குச் சர்க்கரை இல்லாத டீதான் பிடிக்கும். சிரித்தால் முதலில் இருமல் வரும். மகள் ஆறாவது படிக்கிறாள். எல்லாம் நினைவில் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

“ஏழு வருஷம் கூட இருந்தவனுங்க.”

“பேருங்க?”

“ரொம்ப நல்லவனுங்க.”

“பேரு கேட்டனுங்க.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. “பேரு இல்லீனா இந்த வரியும் போயிருமுங்க. உங்க பேரப் போட்டா வரியாவது தங்கும். போடட்டுங்களா?”

அரை நிமிஷம் இருந்தது. பூபதி வராண்டாவைப் பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“போடுங்க,” என்றான்.

அரங்கம் கை தட்டியது. பரணில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. அதிக நேரம் ஆகவில்லை.

கூட்டம் கலையும்போது மெலிந்த ஒருவர் வராண்டாவிலிருந்து வந்தார். அறிமுகமில்லாதவர் முன் நிற்பது போல இரண்டடி தள்ளி நின்றார். லேசாக இருமிவிட்டுச் சிரித்தார்.

“நல்ல வரிங்க சார். நீங்க எழுதுனதுன்னு சொன்னாங்க.”

“நன்றிங்க,” என்றான் பூபதி.

“தன்னப் பத்தித் தானே இவ்வளவு அக்கறையா எழுதறதுக்கு ஒரு மனசு வேணுங்க சார். எனக்கெல்லாம் வராதுங்க.”

கை குலுக்கிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.