டிரைவரின் ஏழாவது ஓட்டு

அட்டைப்பெட்டி ஆலையின் வேன் தினமும் காலையில் ஒரு தடவையாவது வழியில் ஓரங்கட்டி நிற்கும். டீசல் தீர்ந்தோ டயர் பஞ்சராகியோ அல்ல. ஓட்டெடுப்புக்காக.

எல்லாம் நகரசபைத் தேர்தல் செய்த வேலை. வேனில் வரும் ஆறு பேரும் அரசியல் பேசி, பேச்சு முற்றி, யாருடைய டிபன் டப்பாவோ பறந்து போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. மேனேஜர் அன்றே சட்டம் போட்டார். இனி வண்டிக்குள் எந்த விவாதம் கிளம்பினாலும் கை தூக்கி ஓட்டு. எது ஜெயிக்கிறதோ, சாயங்காலம் வரை அதுதான் அத்தனை பேருடைய கருத்தும். மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிட்டால் ஏழாவது ஓட்டு டிரைவருடையது. ஸ்டியரிங்கை விட்டுக் கை தூக்குவது ஆபத்து என்று அந்த ஆறு பேரில் ஒருவரான, ஆலை ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் சார் சொன்னதால், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

டிரைவர் இதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. எந்தப் பக்கம் தூக்கினால் சண்டை சீக்கிரம் அடங்குமோ அந்தப் பக்கம் தூக்குவான். கல்யாணமான மகன் தனிக்குடித்தனம் போகலாமா, பிள்ளை கையில் போனைக் கொடுக்கலாமா, கவுன்சிலர் யோக்கியரா அயோக்கியரா, எல்லாம் அவன் கை தீர்த்துவைத்த விவகாரங்கள். எதுவும் அவன் மண்டைக்குள் ஏறியதில்லை.

அன்று காலை அவன் முகம் தொங்கிக் கிடந்தது.

"என்ன தம்பி, வீட்ல ஏதாவதா?" என்றாள் பசை மெஷின் ஓட்டும் அக்கா. கூர்மையான மூக்கு அவளுக்கு; அடுத்தவர் வீட்டு விவகாரம் என்றால் இன்னும் கூர்மை.

அவன் கொட்டிவிட்டான். நேற்று அவனுடைய கூடப்பிறந்த அக்கா அவன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவனுடைய ஐந்து வயசுப் பையன் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்க்க, "ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருவான்" என்று அக்கா கையை ஓங்கியிருக்கிறாள். "என் புள்ளை மேல கை வைக்காதீங்க" என்று மனைவி குறுக்கே பாய்ந்திருக்கிறாள். இருவரும் இவன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு பேர் சொல்றதும் சரின்னேன்."

வேனே ஒரு தரம் உச்சுக்கொட்டியது.

"சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு பதில் சொல்லணுமாம். இல்லேன்னா பையனைக் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிடுவாளாம். பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

"இதுக்கா கவலைப்படறே? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஸ்டோர் சார். "அடிக்காம வளர்ந்த பிள்ளை உருப்படாது. அக்காவுக்கு ஓட்டு!"

"உங்க பையனை அடிச்சுத்தானே வளர்த்தீங்க? மூணு வருஷமா ஒரே வகுப்புல உக்காந்திருக்கானே!" என்றாள் பசை அக்கா. "என் ஓட்டு பொண்டாட்டிக்கு."

கைகள் எழுந்தன. மூன்றுக்கு மூன்று.

டிரைவர் வழக்கமான வளைவில், ஒரு வயலோரமாக வண்டியை நிறுத்தினான். கை தூக்க வேண்டும். தூக்க வரவில்லை. ஈயக்கட்டி போலக் கனத்தது கை.

அப்போது ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. வயல்காரர். இரண்டு கக்கத்திலும் வேரோடு பிடுங்கிய கத்தரிச் செடிகள்.

"நீங்க சொன்னபடி பிடுங்கிட்டேன். சூரியகாந்தி விதை யாரு கொண்டு வர்றீங்க?"

"நாங்க எப்பங்க சொன்னோம்?" என்றாள் பசை அக்கா.

"நேத்துதாம்மா. கத்தரியா சூரியகாந்தியான்னு மூணுக்கு மூணு நின்னுச்சு. இந்தத் தம்பி சூரியகாந்திக்குக் கை தூக்கினாரு. வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதுக்குன்னு பிடுங்கிடறதா? அது சும்மா பேச்சுங்க!" என்று பதறினார் ஸ்டோர் சார். "சாயங்காலம் ஆனா அந்தக் கருத்து காலாவதி."

"இவ்வளவு பேர் வண்டியை நிறுத்தி என் வயலைப் பத்திப் பேசினீங்களே! என் கூடப்பிறந்தவன்கூட இப்படி நின்னு பேசினதில்லை. மனசு நிறைஞ்சு போயி மொத்தத்தையும் பிடுங்கிட்டேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தான். வயல் மொட்டையடித்தது போல் கிடந்தது. நேற்று சூரியகாந்திப் பக்கம் ஏன் தூக்கினான்? அந்தப் பக்கம் ஸ்டோர் சார் இருந்தார். தோற்றால் ஆலை வரும்வரை முணுமுணுப்பார். அவ்வளவுதான். அதற்கு ஒரு வயல் போயிற்று.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை வந்து நானே கத்தரி நாத்து நட்டுத் தர்றேன்" என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது, இதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

பிறகு பையனை நினைத்தான். அத்தை வருகிறாள் என்றாலே பயல் ஓடிப்போய், வீட்டு வாசலில் நிற்கும் இந்த வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்வான். நேற்றும் அங்கிருந்துதான் அவனை இழுத்து வெளியே எடுத்தார்கள்.

டிரைவர் போனை எடுத்தான்.

"தம்பி, முதல்ல கையைத் தூக்கு! அப்பத்தான் செல்லும்!" என்றார் ஸ்டோர் சார். அவன் காதில் விழவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. அவன் மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றான், மனைவி எடுத்ததும்.

"எத்தனை ஓட்டு?" என்றாள் மனைவி. வேனின் சட்டம் அவளுக்கு அத்துப்படி.

"ஓட்டு இல்ல. நான் சொல்றேன்."

"நேத்து ஏன் சொல்லல?"

"அக்கா கோவிச்சுக்குவாளேன்னு..."

அந்தப் பக்கம் போனில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க. நான் பெட்டி கட்டினதைக் கேள்விப்பட்டு மறுபடியும் வந்தாங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

வேனில் எல்லோரும் போன் பக்கம் சாய்ந்தார்கள். வயல்காரர்கூடச் செடிகளைக் கீழே வைத்துவிட்டார். டிரைவர் போனை வாயருகே கொண்டுபோனான்.

"அக்கா, அவன் மேல கை வைக்காதே."

"டேய்!" என்று வெடித்தது போன். "சின்ன வயசுல உன்னைத் தூக்கிச் சுமந்தவடா நான்!"

"சுமந்தே. இல்லேங்கல. அவன் மேல மட்டும் கை வைக்காதே."

பின்னால் மனைவி பெட்டியின் பூட்டைத் திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. டிரைவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

அக்கா விடுவதாக இல்லை. "இருடா. அந்த வேன்ல என் பக்கம் ஒருத்தருமா இல்ல?"

ஸ்டோர் சார் இரண்டு கைகளையும் குவித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். டிரைவர் போனை அவர் மடியில் வைத்தான்.

"பேசுங்க சார். சாயங்காலம் வரைக்கும் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.