கல்லில் படர்ந்த சிவப்பு

சிவப்புப் படலம் மறுபடியும் கல்லை மூடியிருந்தது. முந்தின நாள்தான் ஷிஹாரா அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கணவன் ஃபஸ்லான் கற்பிட்டிக் கரையிலிருந்து கொண்டுவந்த கடல்தண்ணீரை மீன்தொட்டியில் ஊற்றியிருந்தாள். கல்லின் ஓரத்தில் கோமாளி மீன்கள் முட்டையிட்டிருந்தன. படலம் இன்னும் ஒரு விரலளவு நகர்ந்தால் முட்டைகள் மூச்சுமுட்டிப் போகும்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் ஃபோனில் கேட்டாள்.

"அது பாசியில்ல தங்கச்சி, பக்டீரியா. மருந்து கடையில ஈக்கு. போட்டா நல்ல பக்டீரியாவும் செத்துரும். தீனி கூடிப்போச்சா எண்டு பாருங்க."

"ஒரு சிட்டிகைதான் போடுறன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் ஒப்பவில்லை. தன் கையில் ஒப்படைத்த எதுவும் தழைக்காது என்ற பயம் அவளுக்குள் எப்போதும் இருந்தது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பாள்.

மருந்தை வாங்கி வைத்திருந்தாள். நோம்பு திறந்ததும் போடுவது என்று முடிவெடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பள்ளியில் பாங்கு சொல்லச் சற்று முன் ஃபஸ்லானின் உம்மா ஹாஜரா மாமி வந்தார். தீனி டப்பாவைத் திறந்து ஒரு பிடி போட்டார்.

"மாமி, என்ன செய்றீங்க?"

"வாயில்லா ஜீவன் பசியில ஈக்கக்கொள்ள நாம எப்பிடி மகள் நோம்பு திறக்கிற? நான் தினமும்தானே போடுறன்."

பின்னால் வந்த ஃபஸ்லான் டப்பாவுக்குக் கையை நீட்டி, இருவரையும் பார்த்துப் பாதியில் நின்றான்.

"நீங்களுமா?"

"நன்மைதானே எண்டு..."

ஷிஹாராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், கண்ணீரோடு வெளியே வந்துவிட்டது. கவனிப்பு குறைந்ததால் வந்த கேடில்லை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அள்ளிப் போட்ட தீனி அடியில் கிடந்து அழுகியிருந்தது.

மருந்தை அலுமாரிக்குள் வைத்தாள். படலத்தையும் மிச்சத் தீனியையும் உறிஞ்சி எடுத்தாள். ஒளியில்லாமல் படலம் வாடட்டும் என்று விளக்கை அணைத்து, தன் பழைய கறுப்பு ஹபாயா அங்கியால் தொட்டியை மூடினாள்.

"மீனையும் நோம்பு புடிக்க வெச்சிட்டீங்க," என்றான் ஃபஸ்லான்.

"அதுகளுக்குக் கொஞ்சம் போடுவன். உங்களுக்குத்தான் டப்பா ஹராம்."

மூடியிருந்த நாட்களில் தினமும் ஒரு சிட்டிகை போட மட்டும் துணியைத் தூக்கினாள். கல்லைப் பார்க்கப் பயந்தாள். துணியை எடுத்த காலையில் படலம் வெளிறி, நூல்நூலாய்க் கழன்றிருந்தது. குழாயை வைத்ததும் வந்துவிட்டது. அடியில் கல் தெரிந்தது. முட்டைகளுக்குள் வெள்ளிப் புள்ளிகளாய்க் கண்கள்.

அவள் தோள்கள் தாமாகவே தளர்ந்தன.

"மாமி, வந்து பாருங்க."

மாமி தீனி இல்லாத இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.