சிமெண்ட் சட்டை

ஞாயிறு காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டின் முன்சுவர் உட்கார்ந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது. களைத்த மாடு முன்னங்காலை மடிப்பதுபோல அடியில் மடங்கி, பிறகு மொத்தமாகத் தெருவில் சரிந்தது. பெரிய சத்தம் இல்லை. தூசி எழவில்லை, அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

மாடியில் எதிர்வீட்டுக்காரர் கிளிஃபர்டின் படுக்கையறை திறந்த பெட்டிபோலத் தெரிந்தது. கட்டிலின் இரண்டு கால்கள் அந்தரத்தில் நின்றன. போர்வை மழையில் நனைந்துகொண்டிருந்தது. கட்டிலில் ஆள் இல்லை.

சோப்புக் கையோடு ஓடினேன். குதிரை வளர்க்கும் டாஃப்னி எனக்கு முன்பே மண்மேட்டில் மண்டியிட்டு, வெறுங்கையால் அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். "கிளிஃப்! யோவ் கிளிஃப்!" என்று கத்தியபடி நானும் தோண்டினேன்.

"என்னத்தத் தோண்டுறீங்க ரெண்டு பேரும்?"

வீட்டின் பக்கச் சந்திலிருந்து, கையில் முட்டைக் கூடையோடு கிளிஃபர்ட் வந்து நின்றார்.

"உன்னைத்தான்யா!" என்றாள் டாஃப்னி. கைச்சேற்றை அவர்மேல் வீசி எறிந்துவிட்டு அழத் தொடங்கினாள்.

இங்கிலாந்தின் டெவனில், லாக்ஸ்கூம் கிராமத்தில் எங்கள் தெரு வீடுகள் அறுநூறு வருடப் பழசு. உள்ளூர் மண்ணோடு வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து, மாடுகளை விட்டு மிதித்து, கல் அடித்தளத்தின்மேல் ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு வைத்து எழுப்பியவை. மேலே சுண்ணாம்பு மட்டும். மழை பெய்தால் சுவர் கொஞ்சம் குடிக்கும். காற்றடித்தால் குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் சுண்ணாம்பு வருடாவருடம் உரியும். கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்ற கிளிஃபர்டுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முதலில் தன் வீட்டுக்கு சிமெண்ட் பூசினார். பிறகு தெரு முழுவதற்கும், ஆப்பிள் மதுவைத் தவிர எதுவும் வாங்காமல், பூசிக் கொடுத்தார். "நல்ல சட்டை போட்டுவிட்டிருக்கேன். இனிமே ஒருத்தரும் தொட வேண்டாம்," என்றார். நாங்கள் கைதட்டினோம்.

அந்தச் சட்டை இப்போது பெரிய பாளங்களாகத் தெருவில் கிடந்தது. ஒன்றைப் புரட்டினேன். பின்புறம் ஈரமாக மின்னியது. அதோடு வந்த மண் கஞ்சிபோல விரலிடுக்கில் வழிந்தது.

"இதனாலதான் தூசி வரல," என்றேன். "பாரு கிளிஃப், சிமெண்ட்ல மயிரிழை அளவு வெடிப்பு போதும். தண்ணி உள்ள போயிடும். வெளிய வர வழியில்ல. எல்லாம் அடியில எறங்கித் தேங்கி, அடிமண்ணு கரைஞ்சு..."

ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று பிடிபட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அன்று பாதியில் நின்றது. டாஃப்னி தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி என் வீட்டைப் பார்த்தேன். வெள்ளையாக, வழவழவென்று, நிமிர்ந்து நின்றது.

மாடி சன்னல் திறந்தது. என் மனைவி லவ்டே தலையை நீட்டினாள். "என்ன கூத்து அங்க?"

"கீழ வா."

"தலைக்கு ஊத்திட்டு வரேனே."

"லவ்டே! அப்படியே வா. பின்கதவு வழியா வா."

என் குரலில் என்ன கேட்டதோ, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பின்பக்கமாகச் சுற்றி, இரவு உடையோடு, செருப்பில்லாமல் வந்து என் கையைப் பிடித்தாள். அதற்குள் கிளிஃபர்ட் முட்டைக் கூடையை டாஃப்னியிடம் கொடுத்துவிட்டு, கொட்டகையிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்து வந்திருந்தார். என் வீட்டுச் சுவரின் அடியில் குந்தி, உள்ளங்கையை விரித்து வைத்து ஈரம் பார்த்தார்.

"சிமெண்டைத் தட்டி எடுத்தா சுவர் விழுந்துடுமா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா."

"தட்டாம விட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாரும் தள்ளிப் போங்க," என்றார்.

"நீ?" என்றாள் லவ்டே.

உளியை வைத்து ஒரே அடி. உள்ளங்கை அளவு சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. சுவர் அசையவில்லை. துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர், முதலில் சொட்டாக, பிறகு நூலாக வழிந்து, அவருடைய காலணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கத் தொடங்கியது.