ஜன்னலோரக் கட்டில்

"நீயும் வர்றியாடி?" என்று அக்கா கேட்டபோது நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, அறைக்கு இரண்டு பேர், அந்த ஊர் மொழியில் தேறினால் போதும் என்றாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு கிடந்த என்னை அதுவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த மொழி கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தோம். முதலில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பிறகு நர்ஸ் வேலை பார்க்கும் ஒருத்தி வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவள் சிரித்தால் அக்காவும் சிரித்தாள். அவள் வைத்திருந்த மாதிரியே அக்காவும் ஒரு கைப்பை வாங்கினாள். அறைக்கு இரண்டு பேர் என்ற பேச்சை மட்டும் பிறகு எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

அன்றைக்கு டீச்சர், "டிக்டேஷன். ஆனா எழுத வேண்டாம், வரையணும்" என்றார். "முதுகோட முதுகு ஒட்டி உக்காருங்க. ஒருத்தர், தான் வெளிநாட்டுல இருக்கப்போற வீட்டைச் சொல்லணும், இன்னொருத்தர் வரையணும். நம்ம பாஷை வாயில வரக் கூடாது."

நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினேன். அவள் ஏற்கெனவே நர்ஸின் முதுகில் சாய்ந்திருந்தாள். எனக்கு வாய்த்தவர் ஒரு லாரி டிரைவர்.

"அண்ணன் மெதுவா சொல்றேன், பயப்படாதம்மா," என்றார்.

எல்லா ஜோடியும் ஒன்றாக வாய் திறந்ததும் வகுப்பு சந்தைக்கடையானது. அந்த இரைச்சலிலும் அக்காவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. மூச்சுச் சத்தத்தை வைத்தே அவள் தூங்கிவிட்டாளா இல்லையா என்று சொல்லக்கூடியவள் நான்.

ஒரு அறை, என்றாள். இரண்டு கட்டில். என் பென்சில் தானாக நகர்ந்தது. இரண்டாவது கட்டிலில் என் தட்டைத் தலையணையையே வரைந்துவிட்டேன். நடுவில் மேஜை. மேஜைமேல் உருண்டை விளக்கு. சுவரோரக் கட்டில் எனக்கு, என்றாள் அக்கா. ஜன்னலோரக் கட்டில் என் தோழிக்கு.

நர்ஸ் முதுகு குலுங்கச் சிரித்தாள். அக்கா அவளை முழங்கையால் செல்லமாக இடித்தாள்.

வீட்டில் ஜன்னலோரம் அக்காவுடையது. நான் காய்ச்சலில் அனத்தியபோதுகூட விட்டுக் கொடுத்ததில்லை. தலையணையை அழித்தேன். அழித்த இடம் கருப்பாக அப்பிக்கொண்டது.

"போதும், திரும்பிப் பாருங்க," என்றார் டீச்சர்.

லாரி அண்ணன் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசல்ல லாரி நிக்குதுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே, எங்கம்மா என் லாரி?"

"கட்டிலுக்கு அடியில இருக்கும், நல்லாப் பாருங்கண்ணே," என்றார் பின்வரிசைத் தையல்காரர்.

"ரெண்டு கட்டில் வேற போட்டிருக்கு. எனக்கு ஒரு பொண்டாட்டிதான்யா."

வகுப்பே சிரித்தது. டீச்சர் என் தாளையும் நர்ஸின் தாளையும் சேர்த்துப் பிடித்தார். உருண்டை விளக்குவரை ஒன்றுபோல இருந்தது. "ஓ, நீ அக்கா சொன்னதைக் கேட்டு வரைஞ்சியா? சரி, அதையே எழுந்து சொல்லு."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வகுப்பில் நான் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொன்னதில்லை. எழுந்து நின்று, அவர்கள் மொழியிலேயே சொன்னேன். அறையில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. சுவரோரக் கட்டில் என் அக்காவுக்கு. ஜன்னலோரக் கட்டில் அவள் தோழிக்கு. எனக்குக் கட்டில் இல்லை.

"எவ்வளவு சுத்தமா சொல்றா பாருங்க," என்றார் டீச்சர். லாரி அண்ணன் கைதட்டினார். நர்ஸும் தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு இல்லாமலா என்று ஒரு வார்த்தை, எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதும்.

அவள் நர்ஸின் தாளை வாங்கி நான்காக மடித்தாள். புதுக் கைப்பைக்குள் வைத்தாள். நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்திவிட்டு வெளியே போனாள்.