மூவாயிரம் ரூபாக் காற்று

கல்முனையில் கடற்காற்றின் விலை மாதம் மூவாயிரம் ரூபா. அல்லாஹ் ஊருக்கெல்லாம் சும்மா விட்ட காற்றுக்கு இந்த விலையைப் போட்டவர் அச்சிமுகம்மது ஹாஜியார். கடற்கரையோரக் கடையறையை றாஸிக்குக்கு வாடகைக்குக் கொடுக்கும்போது, "கதவத் திறந்தா காத்து அள்ளிட்டு வரும் மகன். அதுக்குத் தனிக் காசி" என்றார். மை காயக் காற்று நல்லதுதானே என்று றாஸிக்கும் தலையாட்டிவிட்டான். பிலிமில் மையால் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூடு வைத்துச் சட்டையில் இறக்குவது அவன் தொழில்.

முதல் பெரிய ஓடரும் ஹாஜியாருடையதுதான். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உதைபந்தாட்டம். அவர் செலவில் ஆடும் அணிக்குச் சட்டை, ஒவ்வொரு முதுகிலும் அவர் பெயர். பிழைபட்டால் மைதானமே பார்க்கும். பிறகு ஒரு கைக்குட்டையைக்கூட அச்சடிக்க அவனிடம் கொண்டுவர மாட்டார்கள்.

வியாழன் காலை மை பிலிமில் பிடிக்காமல் வழிந்து இழுபட்டது. பெயரிலிருந்த புள்ளிகள் கரைந்து, ஹாஜியார் 'அசசிமுகமமது' ஆகிப்போனார். றாஸிக் மையைக் குறைத்தான். மை வரும் முனையைத் துடைத்தான். ஈரவிரலால் தொட்டு, ஒட்டுகிற பக்கத்தில்தான் அடிக்கிறோமா என்றும் பார்த்தான். எல்லாம் சரி. சரி, காயட்டும் என்று கதவை அகலத் திறந்தான். இழுவையும் அகலமானது.

பகல் சோற்றோடு வந்த மனைவி அஸ்பியா, பொரித்த பப்படத்தை மேசையில் வைத்துவிட்டு, அவன் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவன் உட்கார்ந்து கடித்தான். சத்தமே இல்லை.

"என்ன புள்ள, பப்படமா துணியா?"

"பொரிக்கக்குள்ள மொறுமொறுண்டுதான் இருந்த. ஹாஜியார்ர ஈரக் காத்துல வெச்சா நமத்துப்போகாம என்ன செய்யும்? ஊட்டுல டின்ன விட்டு வெளிய எடுப்பனா நான்?"

றாஸிக்கின் வாய் நின்றது. பப்படத்துக்குப் பக்கத்தில், அதே உப்புக்காற்றில், பிலிம் ரோல் பிரித்த நாளிலிருந்து உறையில்லாமல் கிடந்தது.

"அந்தக் கதவச் சாத்து புள்ள."

"வேர்க்குமே."

"நமக்கு வேர்க்கட்டும். பிலிமுக்கு வேர்க்கப்படா."

புதிய ரோலின் உறையைப் பிரித்து, வேண்டிய அளவு வெட்டியதும் மிச்சத்தைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றினான். அடித்தான். புள்ளிகள் வட்ட வட்டமாக எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தன.

மாலையில் சட்டை பார்க்க வந்த ஹாஜியார், மூடிய கதவைத் தட்டித் திறக்கவைத்தார்.

"காசி குடுத்து எடுத்த காத்த ஏன் மகன் வெளிய நிப்பாட்டி வெச்சிரிக்காய்?"

"உள்ள வந்து உங்கட பேர்ல புள்ளியெல்லாம் திண்டுட்டு ஹாஜியார். இனி வேணாம். மூவாயிரத்தக் கழிங்க."

இழுபட்ட பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, 'அசசிமுகமமது'வை ஹாஜியார் வாய்க்குள் வாசித்துப் பார்த்தார். பிறகு புதுச் சட்டையைத் தன் தோளில் வைத்து அளந்தார். முகம் மலர்ந்தது, பை மலரவில்லை.

"வாற மாசம் கழிக்கன். இந்த மாசக் காத்து வந்து முடிஞ்சிட்டே."

"வந்துதான் என்ர ரோலக் கெடுத்த."

அஸ்பியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை காலியாகுமுன் கணக்குத் தீர்ந்தது: இந்த மாதக் காற்றுக்கு, கெட்டுப்போன ரோல் நேர். அடுத்த மாதம் முதல் காற்று வெளியே, சும்மா. சட்டைக்காசு கையில். றாஸிக்குக்கு வரவேண்டிய பாக்கி, மொறுமொறுப்பாக ஒரு பப்படம்.