இரண்டாம் தாய்மொழி

சோவியத் ஆட்சியில் எங்கள் உஸ்பெக் கிராமங்களில் ரஷ்ய மொழியை ‘இரண்டாம் தாய்மொழி’ என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிச் சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. செப்டம்பரிலிருந்து பனி விழும்வரை பிள்ளைகள் வகுப்பில் இல்லை, பருத்தி வயலில் இருந்தார்கள். ஆனாலும் ரஷ்ய மொழியில் எல்லோருக்கும் முழு மதிப்பெண். குறைத்துப் போட்டால் மாவட்டத்திலிருந்து ஆள் வந்து நிற்பான். என் தம்பி துர்சுனுக்கும் அப்படிக் கிடைத்தது. ராணுவத்தில் அதைப் பார்த்துவிட்டு, ரஷ்ய மொழி தெரியாதவர்கள் போகும் கட்டட வேலைப் படையில் சேர்க்காமல் டாங்கிப் படையில் சேர்த்தார்கள், ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள்.

எண்பத்து மூன்றில் துத்தநாகச் சவப்பெட்டியில் வந்தான்.

கூட வந்த கேப்டன் முற்றத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அம்மாவிடம் நெடுநேரம் பேசினான். நடுவில் கைகளால் எதையோ மூடுவதுபோலக் காட்டினான். யாருக்கும் புரியவில்லை. ரஷ்ய மொழி வாத்தியார் ஹோல்மத்தை அழைத்துவந்தார்கள்.

“வீரனாப் போயிருக்கான்,” என்றார் அவர். கேப்டன் மறுபடி பேசினான். “வலியே இல்லையாம்,” என்றார்.

கடைசியாகக் கேப்டன் ஏதோ கேட்டான். அது கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்து நின்றான். வாத்தியார் தரையைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். உடனே, இறக்கிவைத்திருந்த, துர்சுனின் சாமான்கள் இருந்த தகரப் பெட்டியைச் சிப்பாய் திரும்ப வண்டியில் ஏற்றினான். போய்விட்டார்கள்.

நாற்பதாம் நாள் விருந்தில் அம்மா வாத்தியாரை விடவில்லை.

“அவ்வளவு நேரம் பேசினானே வாத்தியாரே, நீங்க ரெண்டு வார்த்தைதான சொன்னீங்க. மிச்சம்?”

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “எனக்குப் புரியலக்கா. எழுதியிருந்தா வாசிப்பேன். பேசினாப் பிடிபடாது. வீரன்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. வலியில்லைங்கறது நானாச் சொன்னது.”

“இருபது வருஷமா அப்புறம் எதைய்யா சொல்லிக்குடுத்தீரு?” என்றார் சித்தப்பா.

“எனக்குச் சொல்லிக்குடுத்தவருக்கும் இவ்வளவுதான் தெரியும்.”

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “அப்ப நான் எதுக்குத் தலையாட்டினேன்?” என்றாள்.

பட்டாளத்துக்கே எழுதிக் கேட்கலாம் என்றேன். ரஷ்ய மொழியில்தான் எழுத வேண்டும். வாத்தியாரை விட்டால் வேறு ஆளில்லை. பிள்ளை எப்படிச் செத்தான், கேப்டன் கேட்டது என்ன, பெட்டி எங்கே என்று அம்மா சொல்லச் சொல்ல, அகராதியை வைத்துக்கொண்டு அவர் எழுதினார்.

கோடையில் பதில் வந்தது. அரைப் பக்கம். இம்முறை வாத்தியாருக்கு ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை: கடமை, தாய்நாடு, வீரமரணம். எல்லாம் அவருடைய பாடப்புத்தகத்தில் உள்ளவை. அம்மா கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.