பிரின்சிபால் இல்லாத வாரம்

ஒரு வாரம் கல்லூரிப் பக்கம் தலைகாட்டாதே என்று சொன்னால் எந்த மாணவனும் துள்ளிக் குதிப்பான். ராமாமிர்தம் மாணவன் அல்ல, பிரின்சிபால். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இத்தனைக்கும் இந்தத் தண்டனையை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. அவரே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டதுதான். செம்மங்குப்பத்துக்குப் பக்கத்தில் அவர் நடத்தும் பாலிடெக்னிக்கும், வேல்ஸ் நாட்டில் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் தொழிற்கல்லூரியும் சேர்ந்து தலைமைப் பயிற்சி ஒன்றை நடத்திவந்தன. வீடியோவில் பாடமெல்லாம் முடிந்து கடைசிப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஒரு வாரம் தலைவர் கல்லூரிக்குள் கால் வைக்கக் கூடாது, போன் போடக் கூடாது, துணை முதல்வர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ராமாமிர்தமும் அங்கே மேகன் என்ற அம்மையாரும் ஒரே வாரத்தில் ஒதுங்கியிருக்க ஒப்புக்கொண்டார்கள். இருவரும் ஒழுங்காக இருந்துவிட்டால் இங்குள்ள ஆசிரியர்கள் வேல்ஸுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வரலாம். யாராவது நடுவில் மூக்கை நுழைத்தால் அத்தோடு சரி.

தன்னுடைய ஆசிரியர்கள் விமானம் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று ராமாமிர்தத்துக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மனசின் ஒரு மூலையில் இன்னொரு ஆசையும் இருந்தது. சாக்பீஸ் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது வரைக்கும் அவர் மேஜை மணியை அடித்து உத்தரவு போட்டுத்தான் அந்தக் கல்லூரியில் நடக்கும். அவர் இல்லாமலே ஒரு வாரம் ஓடிவிட்டால், அப்புறம் அவர் எதற்கு? அதனால் பயிற்சி ஜெயிக்கவும் வேண்டும், கல்லூரி கொஞ்சமாவது தடுமாறவும் வேண்டும். இதை வெளியே சொல்ல முடியுமா? மனைவி சிவகாமியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் தன் வீட்டில் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அவர் அடுப்படி நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சாம்பார் ஏன் தாமதம், இரண்டு குக்கர் எதற்கு, கொத்தமல்லியை யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்று விசாரணை நடந்தது. சிவகாமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பருப்பு வேவறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா? எங்கனா வெளிய போய்ட்டு வாங்க."

"நான் எங்க போறது?"

"பிச்சாவரம் போங்க. போட்ல குந்திகிட்டு அங்க இருக்கற மரத்தையெல்லாம் மேனேஜ் பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை காலை, பிச்சாவரம் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். டிபன் பாக்ஸ் கையில், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில். கால் அதுவாகவே கல்லூரி வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸில் ஏறியது. கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் லூர்துசாமியின் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கல்லூரிக்குள் கால் வைக்கக் கூடாது என்றுதானே விதி? டீக்கடை கல்லூரியில் சேர்த்தி இல்லையே.

"லூர்து, நான் இங்க வரல. புரியுதா?"

"புரியுது சார். வராத ஆளுக்கு டீ போடவா?"

"போடு. சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா."

டீ வந்தது. மருந்துக்குக்கூட இனிப்பு இல்லை. கேட்டதற்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றார் லூர்துசாமி. பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் தன் டீ ரொம்ப இனிக்கிறது என்று அப்போதுதான் குறைப்பட்டுக்கொண்டார். ராமாமிர்தத்தின் காதில் அது ஏறவில்லை. அவருடைய கண்ணும் காதும் எதிர்வாசலில் இருந்தன.

அங்கே ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். கரண்ட் போனது. நிமிர்ந்து உட்கார்ந்தார். டீசலை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைப்பதற்குள் ஜெனரேட்டர் உறுமியது. திரும்பச் சாய்ந்துகொண்டார். புதன்கிழமை மாணவர்களின் பஸ் ஒன்று வழியில் நின்றுபோய்ப் பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள். துணை முதல்வர் வெண்மதி வாசலிலேயே நின்று அவர்களை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு, வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றினாள். வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் சிரித்த முகத்தோடு காரில் ஏறிப் போனார்கள்.

"எல்லாம் நல்லா போவுது சார்," என்றார் லூர்துசாமி.

"ம்," என்றார் ராமாமிர்தம், துக்கம் விசாரிக்க வந்தவருக்குப் பதில் சொல்வது போல. பெருமையாகவும் இருந்தது, குறையாகவும் இருந்தது. யாருக்கும் தன்னுடைய நினைப்பே வரவில்லையா?

வியாழக்கிழமை பயிற்சியின் கடைசி நாள். மறுநாளிலிருந்து பூஜை விடுமுறை என்பதால் கல்லூரியில் அன்றைக்கே ஆயுத பூஜை. லேத் மிஷின், வெல்டிங் செட், டிரில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். பூஜை முடிந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். கல்லூரி தொடங்கிய வருஷத்திலிருந்து அதை உடைப்பவர் ராமாமிர்தம்தான். அதற்குத் தனக்கு ஒரு கைராசி உண்டு என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், பூசணிக்காய்க்குத் தன்னைத் தேடித்தானே ஆக வேண்டும்?

பிற்பகலில் சாம்பிராணி வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தமும் கேட்டது. பிறகு மொத்தக் கூட்டமும் வாசலை நோக்கி வந்தது. லேத் ஆசிரியர் கதிர்வேல் முன்னால் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வர, வெண்மதி பக்கத்தில் நடந்து வந்தாள்.

ராமாமிர்தத்துக்கு ரத்தம் கொதித்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் உடைக்க வேண்டியதை ரோட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னது யார்? யாரைக் கேட்டு முறையை மாற்றினார்கள்? மாஸ்க்கைக் கழற்றினார். வேல்ஸாவது பயிற்சியாவது என்று ஒரு காலை ரோட்டில் வைத்தும்விட்டார்.

அப்போது பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. மேகன். தலைவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குத் தடை இல்லை.

"ராம், வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

"வீட்டில்தான், வேறெங்கே?"

சொல்லி வாய் மூடவில்லை, அவர் மூக்குக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்று, கண்டக்டர் "ஓ.டி., ஓ.டி., கடலூர் ஓல்டு டவுன்!" என்று கத்தினார்.

"உங்கள் வீட்டுக்குள் பஸ் வருமா?"

ராமாமிர்தத்துக்கு அசடு வழிந்தது. பதிலுக்கு அவர், "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வீட்டில் என்றார் மேகன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு அபாய மணி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"உங்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டதா?"

மேகனிடமிருந்து உண்மை வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவர் தன் கல்லூரியின் கார் நிறுத்தும் இடத்தில், தன் தங்கையின் காருக்குள் ஒளிந்திருக்கிறார். இன்றைக்குத் தீ ஒத்திகை. கல்லூரியே வெளியே வந்து அந்தக் காரைச் சுற்றி நிற்கிறது. அவர் பின்சீட்டில் கம்பளிக்கு அடியில் படுத்திருக்கிறார்.

"வரிசை கோணலாக நிற்கிறது ராம். இறங்கிப் போய்ச் சொல்ல வாய் துடிக்கிறது. கதவைத் திறக்காமல் இருக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." குரல் தழுதழுத்தது. "எல்லாப் பெயரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். என் பெயரைக் கூப்பிடவே இல்லை."

ராமாமிர்தத்துக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலும் நீர் வந்தது. அந்தப் பக்கம் மேகனும் கம்பளிக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். "நானும் இங்கே ஒரு காலை வைத்துவிட்டேன். எடுத்துவிடுகிறேன்," என்று சொல்லி அவர் ரோட்டிலிருந்து காலை எடுத்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பாய்லருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்.

பஸ் நகர்ந்தது. எதிரே வெண்மதியே பூசணிக்காயை வாங்கிச் சுற்றினாள். முதல் தடவை அது உடையாமல் உருண்டது. "கையை இன்னும் தூக்கணும்மா," என்று இவர் பாய்லரிடம் சொன்னார். அடுத்த தடவை அது சிதறி, குங்குமம் தார் ரோட்டில் தெறித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பாய்லருக்குப் பின்னால் ராமாமிர்தமும் தன்னை மறந்து தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் ஆபீஸ் உதவியாளர் சின்னம்மாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். ஒவ்வொரு வருஷமும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் பொரி கடலை கொடுப்பது வழக்கம். "லூர்துண்ணே, இது உனக்கு. இது உள்ள குந்தியிருக்கற சாருக்கு."

"எந்த சாரு?" என்று பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் கேட்டது.

"நம்ம பிரின்சிபால் சாருதான் சார்," என்றாள் சின்னம்மாள் பணிவாக.

ராமாமிர்தம் எழுந்து வந்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஐடி கார்டு மாட்டிக்கொண்டு யாராவது பிச்சாவரம் போவார்களா என்று சிவகாமி செவ்வாய்க்கிழமையே வெண்மதிக்குப் போன் போட்டுவிட்டாளாம். எதிர் டீக்கடையில்தான் இருப்பார், சுகர் உள்ள மனுஷன், டீயில் சர்க்கரை போட வேண்டாம் என்று லூர்துசாமிக்கும் சொல்லச் சொன்னாளாம். லூர்துசாமி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சட்டென்று ராமாமிர்தத்துக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. "அப்ப நான் பாக்கறேன்னு பயந்துதான் எல்லாரும் ஒழுங்கா இருந்தீங்க?"

"இல்ல சார். மேடம் யார்கிட்டயும் மூச்சு வுடல. எங்கிட்டயே இப்பத்தான் சொன்னாங்க, பொரி குடுத்துட்டு வரணும்னு."

இருந்த கடைசிப் பிடியும் போயிற்று. அவர் விறைத்துக்கொண்டு கேட்டார்: "அது இருக்கட்டும். பூசணிக்கா ஒர்க்‌ஷாப் வாசல்ல ஒடைக்கறதுதான முறை? யாரக் கேட்டு ரோட்டுக்குக் கொண்டாந்தாங்க?"

"நானும் அதத்தான் சார் கேட்டேன். அங்க ஒடச்சா டீக்கடையிலேர்ந்து தெரியாதே சின்னம்மான்னாங்க."

ராமாமிர்தம் மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்துத் துடைத்துக்கொண்டார். லூர்துசாமி அவர் முன்னால் டீயை வைத்தார். ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். இனித்தது.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் போடலாம்னு உங்க வூட்டம்மா சொன்னாங்க சார்."

சின்னம்மாள் கிளம்பினாள். "மேடத்துக்கிட்ட என்னா சார் சொல்லட்டும்?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ராமாமிர்தம் வாயைத் திறந்து, எதிர்வாசலைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாத. நான்தான் இங்க வரவே இல்லியே," என்று சொல்லிவிட்டுப் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார்.